பதினான்காம் நாள்

சமையலறை மேசையில் இரண்டும்
வாயைப் பிளந்தபடி கிடக்கின்றன.
ஒன்று கறுப்பு. இரண்டே முக்கால் கிலோ.
சார்ஜரை மட்டும் தூக்கினால் செங்கல்.
மற்றது சாம்பல் நிறம், ஒன்றரைக் கிலோ,
மூடிவிட்டால் ஒரு தட்டு.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் போனேன்.
பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று
கடையில் காட்டிஸ் சொன்னதும்
இரண்டையும் வாங்கிவிட்டேன்.
கடன் அட்டை அன்றிரவு தூங்கியிருக்காது.

என் பிழைப்பு புகை.
தீப்பிடித்தால் அது எந்தப் பக்கம் திரும்பும்,
எத்தனையாவது நொடியில் கதவை மறைக்கும்
என்று கட்டடம் எழும்புமுன்பே கணக்கிட்டுச் சொல்வது.
இந்த மாதம் ஒரு நாடக அரங்கம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
பகல் முழுக்க அதற்குத் தீ வைக்கிறேன்.

இரவு பத்துக்கு மேல் வேறு உத்தியோகம்.
வெண்ட்ஸ்பில்ஸிலிருந்து இல்மார்ஸ்,
லியெபாயாவிலிருந்து இரட்டைச் சகோதரிகள், நான்.
பனிக்காட்டில் ஒரு ரேடார் நிலையத்தைப் பிடிக்க
மூன்று வாரமாகச் செத்துக்கொண்டிருக்கிறோம்.
யாரோ புகைக்குண்டு வீசுவார்கள்.
"புகை அப்படிப் போகாது!" என்று கத்துவேன்.
அதற்குள் சுட்டுவிடுவார்கள்.

கறுப்புக்கு மோட்ரிஸ் வைத்த பெயர் டீசல்.
மின்சார டிராம் ஓட்டுகிறவன் வைக்கிற பெயரைப் பாருங்கள்.
டீசல் அரங்கத்தை நாற்பத்தோரு நிமிடத்தில் எரித்து முடித்தது.
சாம்பலுக்கு ஐம்பத்தெட்டு.
ஆனால் டௌகாவா பாலத்தை டிராம் தாண்டுமுன்
டீசலின் பேட்டரி பதினைந்து சதவீதத்துக்கு வந்து
பிச்சை கேட்கிறது.
சாம்பலோ காலையில் ஏற்றினால்
அந்தி வரை வாயைத் திறப்பதில்லை.
திரையில் இரவு உண்மையாகவே இரவாக இருக்கிறது;
ஃபிர் மரங்களுக்குப் பின்னால் பதுங்கியவனின்
காது மடலைக்கூட எண்ணலாம்.

எட்டாம் நாளே முடிவெடுத்துவிட்டேன்: சாம்பல்தான்.
மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

அன்று வெளியே மைனஸ் பதினேழு.
பின்னிரவு ஷிஃப்ட் முடிந்து வந்த மோட்ரிஸ்
வழக்கம்போலக் கையுறைகளை
டீசலின் பின்வாசலில் காயவைக்கப் போனான்.
அது அணைந்து கிடந்தது.
சாம்பலின் பின்னால் வைத்துப் பார்த்தான்.
விடியும்வரை ஈரம்.

அது போகட்டும், கையுறைக்கு ரேடியேட்டர் இருக்கிறது.
ஒரே அறை வீடு; கட்டில் என் முதுகுக்குப் பின்னால்.
ஒன்பதாம் இரவு அவன் எழுந்து உட்கார்ந்தான்.
"நின்றுவிட்டதா?"
எது என்றேன். பதிலில்லை.
பத்தாம் இரவும் அதே கேள்வி.
பதினொன்றாம் இரவு புரிந்தது:
பதினெட்டு வருடம் மோட்டாருக்கு மேல் உட்கார்ந்தவனுக்கு
ஓசை அடங்கினால்
நடுப்பாலத்தில் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம்.
பின்னால் ஐம்பது பயணிகள்.

டீசலை எழுப்பி
வேண்டுமென்றே அரங்கத்துக்குத் தீ வைத்தேன்.
விசிறிகள் கிளம்பின.
முன்வரிசை எரிந்து முடிவதற்குள் குறட்டை.

பதினான்காம் நாள் சாம்பல் கேட்டது:
எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?
உள்ளே பத்தொன்பதாம் வரிசையில் நின்றிருந்தது
பாதிக் கணக்கில் புகை.
ஆம்.
உறுதியாகவா?
ஆம், ஆம்.

கடையில் ஒரு படிவம்.
காரணம்: பழுது, திருப்தியில்லை, பிற.
பிறவில் ஒரு குறி போட்டு
எழுதினேன்: "சத்தமே வரவில்லை."
காட்டிஸ் இரண்டு முறை படித்தான்.
ஸ்பீக்கரைச் சோதித்தீர்களா என்றான்.

திரும்பும் வழியெல்லாம்
எதையோ கடையில் மறந்துவிட்டதாக நினைக்கவே இல்லை தோள்.
அத்தனை லேசு. அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது மணி ஒன்றரை.
ரேடார் நிலையத்துக்கு இன்னும் இருநூறு மீட்டர்.
இல்மார்ஸ் புகைக்குண்டு வீசுகிறான்,
அது காற்றை எதிர்த்து, வெட்கமில்லாமல்,
தப்பான பக்கம் போகிறது.
கத்தவில்லை.
தட்டச்சு செய்கிறேன்: இடது பக்கம் வராதே.
எழுத்து போய்ச் சேருமுன் சுட்டுவிட்டார்கள்.
முதுகுக்குப் பின்னால் டிராம் ஓடிக்கொண்டிருக்கிறது.